மூலநிரலுக்கும் உரை வேண்டும்

பிறர் யாத்த பெரியதொரு நூலுக்குள் புகுந்து, வழி தெரிந்து நடந்து, வேண்டிய பொருளைக் கண்டு மீள்வது எங்ஙனம் என்பது தமிழ் பயில்வோர் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் வினா. ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்து நம் புலவர் பெருமக்கள் இவ்வினாவுக்குக் கண்ட விடைகளும் பல. அதே வினா இன்று முற்றிலும் வேறொரு களத்தில், கணிப்பொறி நிரல்களின் களத்தில், நம் மாணவர் முன் வந்து நிற்கிறது. தமிழ்த்துறை மலரில் வானொலி பற்றியும் நிரல் பற்றியும் எழுத நாம் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

மென்பொருள் வானொலி

பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அதனுள் கம்பிச்சுருளையும் மின்தேக்கியையும் டிரான்சிஸ்டரையும் கண்டிருப்பர். நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல், இரைச்சலை வடிகட்டுதல், குரலைப் பிரித்தெடுத்தல் ஆகிய பணிகளை எல்லாம் அவ்வுறுப்புகளே செய்தன. மென்பொருள் வானொலியில் இப்பணிகள் இடம் மாறிவிட்டன. ஆண்டெனாவில் பட்ட அலையை ஒரு சிறு கருவி எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது; எஞ்சியவை அனைத்தும் நிரலின் வேலை. பண்பலை ஒலிபரப்பாயினும், விண்ணிலிருந்து வரும் வானிலைப் படமாயினும் கருவி ஒன்றே. நிரலை மாற்றினால் வானொலி மாறுகிறது.

இக்கருத்து 1990களில் வேரூன்றியது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் வனு போஸ் என்னும் வங்க மரபினர் பங்கேற்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து பிறந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு, 2001 ஆம் ஆண்டில் எரிக் பிளாசம் என்பவர் ஜிஎன்யூ ரேடியோ என்னும் கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். ஜான் கில்மோர் அதற்குப் பொருளுதவி செய்தார். 2004 ஆம் ஆண்டளவில் பழைய நிரலின் வரி ஒன்றும் எஞ்சாத வகையில் அது முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்டது. ஆயினும் அக்காலத்தில் அதற்கு வேண்டிய கருவியின் விலை எளியோர்க்கு எட்டுவதாக இல்லை. 2012 ஆம் ஆண்டில்தான் அந்நிலை மாறிற்று. கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்பட்ட சிறு கருவியொன்றினுள் இருந்த ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல் 2832யு என்னும் சில்லு, அலையின் மூல எண்களை அப்படியே வெளியே தரவல்லது என்பதை ஆர்வலர்கள் சிலர் கண்டுபிடித்தனர். கட்டைவிரல் அளவுள்ள அக்கருவி நொடிக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட எண் இணைகளைக் கொடுத்தது. உலகெங்கும் மாணவர் மேசைகளில் மென்பொருள் வானொலி வந்து அமர்ந்தது அன்றிலிருந்துதான்.

கோரிப்பாளையத்தில் ஒரு மாணவன் இக்கருவியை வாங்குகிறான் எனக் கொள்வோம். வையையின் வடகரையில் அமைந்த நெருக்கமான குடியிருப்பு அது. ஆயினும் மொட்டைமாடிக்கு ஏறினால் வானம் திறந்து கிடக்கும். வடகிழக்கே ஆனைமலை மட்டும் அடிவானத்தைச் சற்று மறைக்கும். முதல் நாள் அவன் மதுரை வானொலியை 103.3 மெகாஹெர்ட்சில் கேட்டு மகிழ்வான். பின்னர்ச் செயற்கைக்கோளின் படத்துக்கு முயல்வான். அமெரிக்காவின் நோவா 15, 18, 19 ஆகிய கோள்கள் 137 மெகாஹெர்ட்சை ஒட்டி அனுப்பிவந்த படங்களே பல்லாண்டுகளாகப் புதியவர்க்கு முதற்பாடம். 2025 ஆம் ஆண்டில் அவை மூன்றும் பணி ஓய்ந்தன. ரஷ்யாவின் மீட்டியோர் வரிசைக் கோள்களின் படத்தைப் பெறுவதற்கு வேண்டிய நிரலோ வேறு வகையினது. பழைய வழிகாட்டிகளில் கண்டவாறு பொத்தானை அழுத்தியவனுக்கு இரைச்சல் ஒன்றே கிடைக்கும். ஓரிரு வாரங்களில் கருவி மேசையின் இழுப்பறைக்குள் போய்விடும்.

இதில் நம்மைக் கவலை கொள்ளச் செய்வது கருவி இழுப்பறைக்குள் போவதன்று. அந்நிரல்களின் மூலம் முழுவதும், ஒரு வரியும் மறைக்கப்படாமல், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு திறந்து கிடக்கிறது. கதவு திறந்திருந்தும் உட்புகுவோர் நம்மிடையே மிகச் சிலர். காரணம் வறுமையன்று, கணிதமும் அன்று. பிறர் எழுதிய நிரலைப் படிப்பது என்னும் பயிற்சியை நம் கல்வி எங்குமே தருவதில்லை என்பதே காரணம் என்பது எம் துணிபு. கல்லூரி ஆய்வகங்களில் மாணவர் முப்பது வரி நிரலை எழுதக் கற்கின்றனர். முப்பதாயிரம் வரி நிரலைப் படிக்கக் கற்பதில்லை. வெண்பா இயற்றப் பயிற்சி கொடுத்துவிட்டுச் சிந்தாமணியை ஒருமுறையேனும் கையில் கொடுக்காத தமிழ் வகுப்பை நாம் ஒப்புவோமா?

முதற்பக்கத்திலிருந்து தொடங்கலாகாது

ஜிஎன்யூ ரேடியோவின் மூலத்தை இறக்கித் திறந்தால் முதலில் தென்படுவது உறைகளின் வரிசை. இயக்கத்துக்கு ஒன்று, வடிகட்டிக்கு ஒன்று, எண்முறைத் தொடர்புக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என அது நீளும். சி பிளஸ் பிளஸ், பைத்தான் என்னும் இருமொழிகள் அதனுள் கலந்து கிடக்கும். ஒரே உறுப்பின் பெயர் ஐந்து இடங்களில் தோன்றும்: வெளியார்க்குக் காட்டும் முகப்பில் ஒருமுறை, உண்மையில் வேலை நடக்கும் கோப்பில் ஒருமுறை, பைத்தானோடு இணைக்கும் கோப்பில் ஒருமுறை, திரையில் கட்டமாகக் காட்டும் விவரக் கோப்பில் ஒருமுறை, சோதனைக் கோப்பில் ஒருமுறை. முதற்கோப்பிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கும் மாணவன் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவான். அகராதியை அகரத்திலிருந்து படித்து மொழி கற்க முயல்வதற்கு ஒப்பானது அது.

இவ்விடத்தில் உ.வே.சாமிநாதையர் அவர்களை நினைத்துக்கொள்வது பொருத்தம். 1880 ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியை அவர் கையில் கொடுத்தபோது, தமிழில் அதுவரை தாம் கற்ற எதுவும் அந்நூலுக்குள் புகத் துணைசெய்யவில்லை என்பதை ஐயர் உணர்ந்தார். நச்சினார்க்கினியரின் உரை உடன் இருந்தது; ஆனால் அவ்வுரையோ எந்நூலினது என்று கூறாமலே மேற்கோள்களை அடுக்கிச் செல்வது. ஐயர் என் செய்தார்? கும்பகோணத்தில் அந்நூலை வழிவழியாகப் படித்துவந்த சமணரைத் தேடிச் சென்று அவர்தம் மரபுச்சொற்களைக் கேட்டறிந்தார். அரிய சொல் எங்கெங்கு வருகிறது என்று குறிப்பெடுத்தார். மேற்கோளின் மூலத்தை வேறு ஏடுகளில் தேடினார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887 இல் சிந்தாமணி அச்சேறியது.

மூலநிரலைப் படிப்போர்க்கு வேண்டிய கருவிகள் இம்மூன்றே. சொல் எங்கெங்கு வருகிறது என்று தேடும் கிரெப் என்னும் கட்டளை 1970களிலிருந்தே யூனிக்ஸ் கணிப்பொறிகளில் உள்ளது; சொல்லடைவு தயாரிக்கும் வேலையை அது நொடிப்பொழுதில் செய்துவிடும். வரி ஒவ்வொன்றும் எப்போது, எவரால், எக்காரணம் பற்றி மாற்றப்பட்டது என்பதைக் கிட் என்னும் ஏற்பாடு காத்துவைத்திருக்கிறது. பாடபேதங்களை எல்லாம் ஒருங்கே பெற்ற பதிப்பாசிரியனின் பேறு அது. மூன்றாவது, படித்தவரிடம் கேட்டல். இம்மூன்றாவதற்கு மட்டும் இயந்திரம் இல்லை, ஆள் வேண்டும்.

ஒரு சிறுநூல்: ஆர்டிஎல் எஃப்எம்

புதியவன் பெருநூலுக்குள் புகுமுன் சிறுநூல் ஒன்றைப் படித்தல் நலம். அதற்கு நாம் பரிந்துரைப்பது ஆர்டிஎல் எஃப்எம் என்னும் நிரல். ஆஸ்மோகாம் குழுவினர் வெளியிட்ட தொகுப்பில் ஒரே கோப்பாக அமைந்தது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு வரிகள். சி மொழியில் எழுதப்பட்டது. கருவியிலிருந்து எண்களைப் பெறுவது ஒரு கூறு, அவற்றிலிருந்து குரலைப் பிரிப்பது ஒரு கூறு, ஒலியை வெளியே அனுப்புவது ஒரு கூறு, அலைவரிசையை மாற்றுவது ஒரு கூறு என நான்கு கூறுகள் ஒரே காலத்தில் இயங்கும் வண்ணம் அமைக்கப்பட்டது. இவ்வமைப்பை ஒரு தாளில் வரைந்துகொள்வது முதல் நாள் வேலை. அடுத்து, எண் ஒன்று உள்ளே வந்தது முதல் ஒலியாக வெளியேறுவது வரை அதன் பின்னாலேயே போக வேண்டும். வேறெங்கும் திரும்பிப் பார்க்கலாகாது.

அவ்வாறு போகும்போது தொடக்கத்திலேயே ரொடேட் 90 என்னும் சிறு செயல்கூறு எதிர்ப்படும். வரும் எண் இணைகளில் முதலாவதை அப்படியே விட்டு, இரண்டாவதை 90 பாகை, மூன்றாவதை 180 பாகை, நான்காவதை 270 பாகை சுழற்றுகிறது. ஏன் சுழற்ற வேண்டும்? அவ்விடத்தில் எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. விடை நூறு வரிகளுக்கும் அப்பால், ஆப்டிமல் செட்டிங்ஸ் என்னும் வேறொரு செயல்கூற்றில் ஒளிந்திருக்கிறது. அங்கே, நாம் கேட்ட அலைவரிசையில் கருவியை நிறுத்தாமல், பதிவு வேகத்தில் கால்பங்கு தள்ளி நிறுத்துமாறு ஒரு கணக்கு உள்ளது. சில கருவிகளில் நட்டநடு அதிர்வெண்ணில் கருவியே உண்டாக்கும் பொய்க்குறி ஒன்று தோன்றும். நிலையம் அதன்மேல் விழாமல் இருக்கவே இந்த ஒதுக்கம். ஒதுக்கி வைத்ததை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதே அச்சுழற்சியின் வேலை. கால்பங்கு ஒதுக்கம் என்பதால் சுழற்சி ஒவ்வொன்றும் செங்கோணமாகி, பெருக்கல் ஒன்றும் இன்றி இடமாற்றத்தாலும் குறிமாற்றத்தாலும் முடிந்துவிடுகிறது. இரண்டு இடங்களையும் சேர்த்துப் படித்தவனுக்கே இந்நயம் புலப்படும்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் மாட்டு என்பது ஒன்று. தொலைவில் கிடக்கும் சொற்களை ஒன்றோடொன்று பொருந்தக் கூட்டிப் பொருள் கொள்ளுதலே அது. மதுரை ஆசிரியர் என்று போற்றப்பெறும் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் இம்முறையை மிகுதியும் கையாண்டார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அதனைக் கடுமையாக மறுத்தார். பாட்டைப் பொறுத்தவரை அடிகளின் மறுப்பில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகிறோம். நிரலைப் பொறுத்தவரையோ நச்சினார்க்கினியரே நமக்கு வழிகாட்டி. மாட்டு இன்றி மூலநிரலுக்குப் பொருள் காண இயலாது.

அதே செயல்கூற்றில் மற்றொரு விந்தையும் உண்டு. ஓர் எண்ணின் குறியை மாற்ற வேண்டிய இடத்தில் 255 இலிருந்து அவ்வெண்ணைக் கழிக்கிறார்கள். பிழையோ என ஐயுறத் தோன்றும். கருவி தருவது 0 முதல் 255 வரையிலான எண்கள். அவற்றின் நடு 127க்கும் 128க்கும் இடையே உள்ளது. நடுவைச் சுழியமாகக் கொண்டால் 200க்கு எதிர் 55 அன்றோ? எண்ணிலிருந்து 127ஐக் கழித்து நேரும் எதிருமாக ஆக்கும் வேலை இச்சுழற்சிக்குப் பின்னரே நடைபெறுகிறது. முறை தெரியாதவனுக்குப் பிழையாகவும் தெரிந்தவனுக்குச் சிக்கனமாகவும் காட்சியளிக்கும் வரி இது.

இவற்றைவிட நாம் விரிவாகச் சொல்ல விழைவது இன்னொன்று. பண்பலை நிலையங்கள் தம் ஒலியை அனுப்புமுன் அதன் உச்ச சுரங்களைச் சற்று உயர்த்தி அனுப்புகின்றன. வாங்கும் பெட்டி அதே அளவுக்குத் தாழ்த்திக் கொடுக்கிறது. வழியில் சேரும் இரைச்சல் இதனால் அடங்குகிறது. எந்த அளவு உயர்த்துவது, தாழ்த்துவது என்பதை ஒரு கால அளவால் குறிப்பர். அமெரிக்காவில் அது 75 மைக்ரோநொடி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. ஆர்டிஎல் எஃப்எம் நிரலின் பரவலாகப் புழங்கும் பதிப்பில் 75 என்னும் எண்ணே வரிக்குள் நேராக எழுதப்பட்டுள்ளது. ஆகவே அந்நிரலைக் கொண்டு மதுரை வானொலியைக் கேட்பவர் எவராயினும், நாதசுரத்தின் மேல்நிலைச் சுரங்களும் தாளத்தின் கூர்மையும் சற்றே மங்கிய ஒலியைத்தான் கேட்கிறார். ஆண்டெனா சரியில்லை என்பார். கருவி மலிவு என்பார். குறை அவை இரண்டிலும் இல்லை. வேற்றுநாட்டு எண் ஒன்று நம் ஒலிப்பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறது. அதை 50 என்று திருத்தி மீண்டும் தொகுத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். நிரலைப் பயன்படுத்துவோன் இதை ஆயுள் முழுவதும் அறியான். படிப்போன் முதல் வாரத்திலேயே அறிவான். எழுதியவர் மேல் நாம் குற்றம் சுமத்தவில்லை. அவர் தம் தேவைக்கு எழுதினார். நம் தேவைக்கு நாம் அல்லவா படித்திருக்க வேண்டும்?

பெருநூலுக்குள்

சிறுநூலை முடித்தவன் ஜிஎன்யூ ரேடியோவுக்குள் புகும்போது பழகிய முகங்களைக் காண்பான். பண்பலையில் குரல் இருப்பது அலையின் உயரத்தில் அன்று. அது சுழலும் வேகத்தில். ஆதலின் இவ்வெண் இணைக்கும் முந்தைய எண் இணைக்கும் இடையே எத்துணைக் கோணம் திரும்பிற்று என்று அளந்தால் குரல் கிடைத்துவிடும். ஆர்டிஎல் எஃப்எம்மில் அதனைச் செய்வது போலார் டிஸ்கிரிமினன்ட் என்னும் சில வரிகள். ஜிஎன்யூ ரேடியோவில் அதற்கு ஈடானது குவாட்ரேச்சர் டெமாட் என்னும் உறுப்பு. பெயர் வேறு, மொழி வேறு, அலங்காரம் வேறு, கருத்து ஒன்றே. அவ்வுறுப்பின் உட்கோப்பைத் திறந்தால் வொர்க் என்னும் செயல்கூறு இருக்கும். உள்ளே வரும் எண்களின் வரிசை, வெளியே போகும் எண்களின் வரிசை, எத்தனை எண்கள் என்னும் கணக்கு ஆகிய மூன்றும் அதனிடம் கொடுக்கப்படும். ஜிஎன்யூ ரேடியோவின் பெரும்பான்மை உறுப்புகளுக்கு இந்த வொர்க்கே உயிர்நிலை. இஃது ஒன்றைப் பற்றிக்கொண்டவனுக்குப் பிற உறுப்புகளின் பெரும்பகுதி புறக்கட்டாகத் தோன்றும்.

பெருநூலில் நாம் மிகவும் மதிப்பது சோதனைக் கோப்புகளை. இவ்வெண்களை உள்ளே கொடுத்தால் இவ்வெண்கள் வெளியே வர வேண்டும் என்று அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. நூற்பாவுக்கு எடுத்துக்காட்டுப் போன்றவை அவை. எடுத்துக்காட்டை முதலிலும் நூற்பாவைப் பின்னரும் படிப்பது தமிழ் வகுப்பில் நாம் கையாளும் முறைதான். ஆனால் வழிகாட்டிகள் எழுதுவோர் இவற்றைப் பெரும்பாலும் சுட்டுவதே இல்லை.

பதிப்புகளால் விளையும் குழப்பத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2013 இல் வந்த 3.7 ஆம் பதிப்பில் உறுப்புகள் பல தம் பழைய இருப்பிடத்திலிருந்து புதிய உறைகளுக்குக் குடிபெயர்ந்தன. 2019 இல் வந்த 3.8 பைத்தானின் மூன்றாம் பதிப்பை ஏற்றது. 2021 இல் வந்த 3.9 இருமொழிகளையும் இணைக்கும் முறையையே மாற்றியது. பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு புதிய நிரலைப் படிக்கும் மாணவன் தன் அறிவின்மேல் ஐயங்கொள்கிறான். கையிலிருக்கும் ஏடு எக்காலத்தது என்று முதலில் பார்க்க வேண்டும் என அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

உரை எழுதியவர் ஒருவர்

நிரலுக்கு உரை எழுதுவதா என்று நகைப்போர் ஜான் லயன்ஸ் அவர்களின் வரலாற்றை அறிதல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையநிரல் ஏறத்தாழ 9,000 வரிகளை எண்ணிட்டு ஒரு நூலாகவும், அவற்றுக்குத் தாம் எழுதிய உரையை மற்றொரு நூலாகவும் 1970களின் பிற்பகுதியில் தம் மாணவர்க்காகத் தொகுத்தார். மூலத்தை ஒரு கையிலும் உரையை ஒரு கையிலும் வைத்துப் படிக்கும் ஏற்பாடு அது. அடுத்த பதிப்பின் உரிமத்தில், உரிமையாளரான நிறுவனம் மூலநிரலை வகுப்பில் கற்பிப்பதற்குத் தடை விதித்தது. அதனால் அவ்வுரை படியிலிருந்து படியாக, கண் தெரியாத மங்கல் நகல்களாகவே ஏறத்தாழ இருபதாண்டுகள் கைமாறிற்று. 1996 இல்தான் முறையான அச்சுநூலாக வெளிவந்தது. ஒரு தலைமுறை நிரலாளர் அந்நகல்களில் கற்றனர். தடையிருந்த காலத்தில் அவர்கள் நகலெடுத்துப் படித்தார்கள். தடையில்லாத காலத்தில் நாம் இழுப்பறையில் வைத்திருக்கிறோம்.

டென்மார்க்கின் பீட்டர் நோர் என்னும் அறிஞர் 1985 இல் எழுதிய கட்டுரையொன்றில், நிரல் என்பது வரிகளில் இல்லை, அதை ஆக்கியவர் மனத்தில் உள்ள கோட்பாட்டில் இருக்கிறது என்னும் கருத்தை நிறுவினார். வரிகளை மட்டும் பெற்றவன் அக்கோட்பாட்டை முழுதும் மீட்டெடுத்தல் அரிது என்பது அவர் முடிவு. இதை நாம் பாதியே ஒப்புகிறோம். மூலபாடத்தை மட்டும் பெற்ற நம் உரையாசிரியர்கள், ஆக்கியோன் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அவன் கருத்தைப் பெரும்பகுதி மீட்டெடுத்திருக்கிறார்கள் அல்லரோ? இடையிடையே தம் கருத்தையும் ஏற்றியிருக்கிறார்கள் என்பது வேறு.

நம் நாட்டிலேயே இத்துறையில் போற்றத்தக்க முயற்சி ஒன்று உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003 இல் பிட்எக்ஸ் என்னும் எளிய அமெச்சூர் வானொலிக் கருவியை வடிவமைத்து, அதன் வரைபடத்தை எவரும் செய்துகொள்ளுமாறு வெளியிட்டார். இந்தியக் கடைகளில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே கட்டக்கூடிய கருவி அது; உலகின் பல பகுதிகளிலும் ஆர்வலர்கள் கட்டினர். பின்னர் அவர் உருவாக்கிய எஸ்பிட்எக்ஸ் மென்பொருள் வானொலி. ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியில் இயங்கும் அதன் நிரலும் திறந்தே உள்ளது. அலையை வாங்கும் பகுதியில் முதற்படி, இரண்டாம் படி என்று எண்ணிட்டுக் குறிப்பெழுதிச் செல்வது அந்நிரலின் சிறப்பு. படிப்பவனை மனத்தில் வைத்து எழுதிய நிரல் எனலாம். ஆர்டிஎல் எஃப்எம்முக்கு அடுத்த நூலாக அதனையே நாம் வைப்போம். அலையை வாங்கிக் கேட்பதோடு நில்லாமல் அனுப்பவும் விழைவோர் அரசு நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதி உரிமம் பெற்ற பின்னரே அதனைச் செய்தல் வேண்டும் என்பதை மாணவர்க்கு நினைவூட்டுகிறோம்.

செய்யத்தக்கது

செயற்கை நுண்ணறிவு இன்று எந்நிரலையும் நொடியில் விளக்கிவிடுகிறதே, உரை எதற்கு என்பர். அவ்விளக்கம் பயனற்றது என்று நாம் கூறவில்லை. கோனார் உரையால் தேறிய தலைமுறையினர் தமிழகத்தில் எண்ணற்றோர். அதைப் பழிப்பது நன்றியின்மை. ஆயினும் அவ்வுரையை மட்டும் படித்து மூலத்தைத் திறக்காதவன் தேர்வில் தேறினான், புலமையில் தேறவில்லை. இயந்திரம் சொல்லும் காரணம் உண்மையா என்பதை மற்றைச் செயல்கூற்றைத் திறந்து பார்ப்பவனே அறிவான். 75 என்னும் எண்ணை அது அழகாக விளக்கக்கூடும். கேட்பவன் மதுரையில் இருக்கிறான் என்று அதற்கு எவர் சொல்வார்?

இவ்வேலையைக் கணிப்பொறித் துறையே பார்த்துக்கொள்ளட்டும் என்பதும் ஒரு வாதம். அத்துறையினர்க்கு நிரல் தெரியும். உரை எழுதும் மரபு தெரியாது. பொழிப்புரை எது, விளக்கவுரை எது, ஆசிரியர் கருத்தை எங்கே நிறுத்தி உரைகாரன் கருத்தை எங்கே தொடங்குவது, ஐயத்துக்கு இடமான வரியில் இரு பொருளையும் காட்டுவது எப்படி என்பவை தமிழ்த்துறையின் கைவந்த கலை. கோரிப்பாளையம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். கல்லறையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லடியாக, அங்குள்ள தர்காவை ஒட்டி அப்பெயர் அமைந்தது என்பர். நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிப் பேருந்தில் இறங்குவோருள் எத்தனை பேர் அது தமிழோ பிறிதோ என்று எண்ணிப் பார்க்கின்றனர்? பெயர் ஒன்றைக் கண்டதும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் சொல்லாராய்ச்சி பயின்றவர்க்கு இயல்பாக வரும். நிரல் படிப்போர்க்கும் அப்பழக்கமே முதல் தேவை.

ஆகவே நம் கல்லூரியில் தமிழ்த்துறை, இயற்பியல் துறை, கணிப்பொறித் துறை ஆகிய மூன்றிலிருந்தும் மாணவர் இருவரிருவர் சேர்ந்து, வாரத்தில் ஒரு மாலை, ஒரு செயல்கூற்றைப் படிக்கட்டும். இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் தமிழ் உரையுமாக எழுதட்டும். செயல்கூற்றின் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டா. அவை நூலின் சொற்கள், மாற்றினால் தேடிக் காண இயலாது. உள்ளே வருவது எது, வெளியே போவது எது, இவ்வாறு எழுதியது ஏன், இதனோடு மாட்டுக் கொள்ள வேண்டிய வரி எங்குள்ளது என நான்கு குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் போதும். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே எழுதிவைக்கட்டும். அடுத்த ஆண்டு மாணவர் அங்கிருந்து தொடங்குவர்.

முதல் ஆண்டுக்கு ரொடேட் 90, ஆப்டிமல் செட்டிங்ஸ், போலார் டிஸ்கிரிமினன்ட், 75 மைக்ரோநொடி வரி ஆகிய நான்கே போதும். மூலம் இருநூறு வரிகளுக்கு மேல் போகாது. உரை பத்துப் பக்கம் வரலாம். அடுத்த மலரில் அப்பத்துப் பக்கங்களுக்கு இடம் ஒதுக்குமாறு பதிப்பாசிரியர் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.